எடுத்துக்கொள்ளும் என்று சொன்னவள்

“கட்டி இருக்கறது நிஜம்தான். ஆனா கேன்சர் இல்லம்மா. டி.பி. ஆறு மாசம் ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டா கரைஞ்சிரும்” என்று அந்தச் சின்ன வயது டாக்டர் சொன்னபோது பியூலாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. சந்தோஷம் வரும், கொஞ்சம் பிந்தி வரும் என்று நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். டாக்டரின் சட்டைக் காலரில் மஞ்சளாக ஒரு சாம்பார்க் கறை. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் புருஷன் கோயில்பிள்ளை நாற்காலியின் நுனிக்கு வந்து, “நல்லாப் பாத்துட்டுத்தான் சொல்லுதீங்களா சார்” என்று கேட்டார். சதையை எடுத்து இரண்டு இடத்தில் பார்த்தாயிற்று, சந்தேகமே இல்லை என்றார் டாக்டர். “அப்போ நான் கடையத் திறக்கலாமா?” “ரெண்டு வாரம் போகட்டும். அதுவரைக்கும் மாஸ்க் போட்டுக்கோங்க. மாத்திரைய மட்டும் ஒருநாள்கூட விட்டுராதீங்க.” கோயில்பிள்ளை சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்து இருமலாகி, இருமல் அழுகையாகி, மனுஷன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். டாக்டர் பியூலாவைப் பார்த்து, “என்னம்மா, நீங்க ஒண்ணுமே பேசல?” என்றார். “சரிங்க சார்” என்றாள் அவள். கெட்ட செய்திக்குச் சொல்வதற்காகப் பல நாளாய் நாக்கில் தயாராக வைத்திருந்த ‘சரிங்க சார்’ அது. அதைத்தான் எடுத்துக் கொடுத்தாள். வேறு எதுவும் அவளிடம் இல்லை.

திருநெல்வேலியில் திசையன்விளை பஸ் ஏறி உட்கார்ந்த பிறகும் சந்தோஷம் வந்தபாடில்லை. கோயில்பிள்ளை ஜன்னலோரம். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுப் பருப்பு வடையைத் தின்றுகொண்டிருந்தார். மூன்று வாரமாக இரண்டு இட்லியோடு எழுந்துவிடுகிற மனுஷன், இப்போது மீசையில் எண்ணெய் மினுங்க இரண்டாவது வடைக்குக் காகிதத்தைப் பிரிக்கிறார். அந்தக் கை. மோட்டார் ரிப்பேர் கடையில் காயில் கட்டிக் கட்டிச் செம்புக் கம்பி அறுத்த தழும்புகள், நகக்கண்ணில் போகவே போகாத வார்னிஷ் கறுப்பு. பியூலா அதையே பார்த்தாள். இந்தக் கையை மடித்து நெஞ்சில் வைத்தாகிவிட்டது. அவள் மனசுக்குள் அது நடந்து முடிந்துவிட்டது. வலதுகை மேலே, இடதுகை கீழே, கட்டைவிரல்களைச் சேர்த்து வெள்ளைத் துணியால் ஒரு கட்டு. அந்தக் கை வடை தின்கிறது. “ஒனக்கு?” என்று நீட்டுகிறது. வேண்டாம் என்று தலையசைத்தாள். தின்னு, காலைல இருந்து ஒண்ணும் திங்கலயே என்கிறார். அவள் காலையில் ஒன்றும் தின்னாததை அவர் கவனித்திருக்கிறார். இவள் எதைக் கவனித்தாள்? அவருக்கு வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, அது ஒன்று. அவர் குடிக்கிற காப்பி குறைந்துவிட்டது, அது ஒன்று. போன வாரம் மளிகைக் கடையில் பெரிய பாக்கெட் காப்பித்தூளை எடுத்த கை தானாகவே அதைத் திரும்ப வைத்துவிட்டுச் சின்ன பாக்கெட்டை எடுத்தது. ஒருத்திக்கு இது போதும். ஷேவிங் பிளேடு தீர்ந்துவிட்டது என்று அவர் சொல்லியிருந்தார். மறக்கவில்லை, வாங்கவில்லை, அவ்வளவுதான். பிளேடு இருந்த தட்டுக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தாள். அதில் ஒரு அழுகைகூட வரவில்லை. எவ்வளவு சாந்தமாக இருந்தாள், ஆண்டவரே, எவ்வளவு சாந்தமாக.

அந்தச் சாந்தம் வந்த மத்தியானம் நன்றாக நினைவிருக்கிறது. ஊர் டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, வெள்ளையாய் உருண்டு நின்ற ஒன்றைக் காட்டி, அநேகமா அதுவாத்தான் இருக்கும், எதுக்கும் திருநெல்வேலிக்குப் போய்ச் சதை எடுத்துப் பாத்துருங்க என்று சொல்லி ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்த ஒரு வாரமும் உபவாசம், முழங்கால், கண்ணீர், பேரம். அவருக்குப் பதிலா என்னை எடும். என் கண்ணை எடும், காலை எடும். அப்புறம் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது, கையெல்லாம் செதிலும் ரத்தமுமாக இருந்தபோது, சட்டென்று தோன்றியது: யாரோடு மல்லுக்கட்டுகிறாய் பியூலா? சின்ன வயசிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உம்முடைய சித்தம், உம்முடைய சித்தம் என்று சொன்னதெல்லாம் வாய்க்கு வந்த பேச்சா? கையைக் கழுவிவிட்டு, ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு, வாய்விட்டுச் சொன்னாள். ஆண்டவரே, அவரை நான் பிடிச்சு வைக்கல. நீர் தந்தவர், உம்முடையவர். எடுத்துக்கொள்ளும். சொன்ன மாத்திரத்தில், கிணற்றுத் தண்ணீரைத் தலையில் ஊற்றியதுபோல உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை ஒரு குளிர்ச்சி. எழுந்து மீன்குழம்பு வைத்தாள். அன்றைக்குக் குழம்பு அப்படி அமைந்தது, இரண்டு தட்டம் சோறு தின்றாள், அடித்துப்போட்டாற்போலத் தூங்கினாள். அந்த வாரம் பெண்கள் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, நான் அவரை ஒப்புக்கொடுத்துட்டேன் என்றபோது சபைப் போதகரான ஐயரின் மனைவி, எல்லோருக்கும் ஐயரம்மா, அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். இப்படி ஒரு விசுவாசத்த நான் பாத்ததில்லக்கா. மற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அது பியூலாவுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததா? பிடித்திருந்தது. இப்போது, இந்தப் பஸ்ஸில், பாளையங்கோட்டை தாண்டுகிற வெயிலில், அது பிடித்திருந்தது என்பது தெரிகிறது. பீரோவில் அவருடைய சாம்பல் நிறச் சட்டையை இஸ்திரி போட்டு மேல்தட்டில் தனியாக எடுத்து வைத்தபோதும், கல்லறைத் தோட்டத்தில் அவர் அப்பாவுக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறதா என்று கோயிலிலிருந்து வரும் வழியில் எட்டிப் பார்த்தபோதும், கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போனால் எந்த அறையில் படுப்போம் என்று யோசித்தபோதும் ஒரு அமைதி அவளைத் தாங்கிக்கொண்டே இருந்தது. அது கர்த்தர் தந்த அமைதி என்றே நினைத்தாள். இல்லை, சுமக்க மாட்டாமல் சுமையை இறக்கிப் போட்டவளுக்குத் தோள்பட்டையில் வருகிற சுகமா அது? இரண்டுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்? யாரிடம் கேட்பது? ஐயரம்மாவிடமா?

போன வருஷம் ஐயர் ஒரு பிரசங்கம் செய்தார். மகனைப் பலிகொடுக்க மலைமேல் கூட்டிக்கொண்டு போன தகப்பனைப் பற்றி. விறகு, நெருப்பு, கத்தி, மலை ஏறுகிற ஒவ்வொரு அடியையும் ஐயர் சொல்லச் சொல்லக் கோயிலில் ஒரு இருமல் சத்தம் இல்லை. கடைசியில் மேலேயிருந்து சத்தம் வருகிறது, கை நிற்கிறது, எல்லாரும் பெருமூச்சு விடுகிறார்கள், ஆமென். அதோடு முடிந்துவிட்டது. இறங்கி வந்தார்களே, அதை ஐயர் சொல்லவில்லை. அந்தப் பையன் முன்னால் நடந்தானா, பின்னால் நடந்தானா? தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தானா? பிடிக்க மனசு வந்ததா? வீட்டுக்கு வந்து ராத்திரி அப்பா தண்ணி என்று கேட்டபோது செம்பை நீட்டிய கை அதே கைதானே, ஓங்கின கைதானே. அவர்களுக்காவது மேலேயிருந்து ஒரு சத்தம் வந்தது. போ என்றும் வந்தது, நில் என்றும் வந்தது. இவளிடம் யார் கேட்டார்கள்? அவரை எனக்குத் தா என்று கர்த்தர் கேட்டாரா? ஒரு நெஞ்சுப் படம் கேட்டது. கறுப்புத் தாளில் வெள்ளையாய் ஒரு உருண்டை கேட்டது. அதை அவருடைய சத்தம் என்று இவள் எடுத்துக்கொண்டாள். சித்தம் என்றாலே எடுப்பதுதான் என்று அவள் எப்போது படித்தாள்? அம்மா செத்தபோது அது கர்த்தருடைய சித்தம். இரண்டாவது பிள்ளை வயிற்றிலேயே நின்றுபோனபோது அது கர்த்தருடைய சித்தம். மகளுக்கு நல்ல இடத்தில் வரன் வந்தபோது அது அதிர்ஷ்டம், நல்ல மனுஷாள், கோயில்பிள்ளையின் சாமர்த்தியம். ஒருநாளும், இவரை இங்கேயே விட்டுவைக்கிறது என் சித்தம் என்று கர்த்தர் சொல்லக்கூடும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. உறைத்தபோது காதில் ரீங்காரம்போல ஒரு சத்தம் கேட்டது. பஸ்ஸின் சத்தமா, தலைக்குள்ளேயா, தெரியவில்லை.

போன் அடித்தது. ஐயரம்மா. செய்தி அதற்குள் போய்விட்டது. மகளிடம் கோயில்பிள்ளைதான் சொல்லியிருந்தார், மகள் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பாள். “பியூலாக்கா, ஸ்தோத்திரம். கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிப்போச்சு. நீங்க ஒப்புக்கொடுத்தீங்க பாத்தீங்களா, அதுக்குத்தான் இந்தப் பதில். வர்ற ஞாயித்துக்கிழமை ஆராதனையில நீங்க சாட்சி சொல்லணும். ஐயரும் சொல்லிட்டாங்க.”

“என்னன்னு சொல்ல?” என்றாள் பியூலா.

“நடந்தத அப்படியே சொல்லுங்கக்கா.”

நடந்தது என்றால் எது? காப்பித்தூளா? “பஸ்ல இருக்கேன்மா, சரியாக் கேக்கல” என்று வைத்துவிட்டாள். பொய். நன்றாகத்தான் கேட்டது.

பாளையங்கோட்டைச் சந்தடியெல்லாம் பின்னால் போய், வெளியே தரிசும் உடைமரமுமாய் விரிந்துகொண்டிருந்தது. தூரத்தில் காற்றாலைகள். சில சுற்றின, சில சும்மா நின்றன. கோயில்பிள்ளை கையைத் துண்டில் துடைத்து, மாஸ்க்கை மேலே ஏற்றிக்கொண்டார். அவள் பக்கம் திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே, “என்னவாம் ஐயரம்மா?” என்றார்.

“சாட்சி சொல்லணுமாம்.”

“சொல்லேன்.”

“எனக்கு வேண்டாம்.”

அவர் ஜன்னல் கம்பியைத் துண்டால் துடைத்தார். பிறகு, “அன்னைக்கு நீ ஜெபம் பண்ணினது எனக்குக் கேட்டுச்சு” என்றார். “பின்வாசல்ல கால் கழுவிக்கிட்டு இருந்தேன். மத்தியானம். மீன் ஆஞ்சிக்கிட்டு இருந்தியே, அன்னைக்கு.”

பியூலாவுக்கு உடம்பு முழுவதும் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. பஸ் போகிறது, முன்சீட்டில் ஒருத்தியின் கொண்டையில் வாடின கனகாம்பரம் ஆடுகிறது, கண்டக்டர் சில்லறை எண்ணுகிறார், இவள் மட்டும் நின்றுவிட்டாள். பின்வாசலில். கால் கழுவிக்கொண்டு. அப்படியானால் அன்றைக்குச் சாப்பிட வந்து உட்கார்ந்தவர் அதைக் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். குழம்பு நல்லாருக்கு என்று சொன்னவர் அதைக் கேட்டுவிட்டுத்தான் சொன்னார். அவள் இரண்டு தட்டம் தின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பல் சட்டை மேல்தட்டில் இருப்பதைப் பார்த்திருப்பார். பிளேடு வரவில்லை என்பதைத் தாடையைத் தடவித் தெரிந்துகொண்டிருப்பார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. “என்ன நினைச்சீங்க?” என்று கேட்டாள். குரல் வேறு யாருடையதோபோல இருந்தது.

“கோவம் வந்துச்சு” என்றார். “இருக்கும்போதே என்னை அனுப்பி வச்சிட்டாளேன்னு. ஒம்மேல இல்ல. ஒம்மேலயும்தான். பிறகு நினைச்சேன், எனக்கு அந்த அளவுக்கு விசுவாசம் இல்ல, அவளுக்கு இருக்கு, அவ்வளவுதான்னு. சாப்பிட்டு, பூட்டிக் கிடந்த கடைக்குப் போனேன். ஷட்டரப் பாதி மட்டும் தூக்கிட்டு, ரிப்பேர் பாத்து வச்சிருந்த பெரிய மோட்டாரப் போட்டுவிட்டேன். அந்தச் சத்தத்துல நான் அழுது ஜெபிக்கிறது ரோட்டுக்குக் கேக்காதுல்லா. தினமும் அதான். மத்தியானம் ஆனா மோட்டாரப் போட்டிருவேன்.”

“என்ன ஜெபிச்சீங்க?”

அவர் மாஸ்க்குக்குள் சிரித்ததுபோல இருந்தது. “சொன்னா நீ ஏசுவ. ஆண்டவரே, அவ சொல்லுதத நீர் கேக்காதேயும். அவ நல்லவ, பயத்துல சொல்லுதா. நான் போக மாட்டேன். எனக்கு அவ வேணும், கடை வேணும், மகளுக்குப் பிள்ள பொறந்தா அதத் தூக்கணும். இதான். வேற ஒண்ணும் எனக்குச் சொல்லத் தெரியல.”

ஒரே வீட்டிலிருந்து இரண்டு ஜெபம். ஒன்று எடுத்துக்கொள்ளும் என்று போகிறது, ஒன்று அவள் பேச்சைக் கேக்காதேயும் என்று அதன் பின்னாலேயே ஓடுகிறது. பியூலாவுக்கு அது நெஞ்சில் மோதி நின்றது. மேலே இருக்கிறவர் இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே இருப்பது டி.பி.தான், மாத்திரைக்குக் கரைகிற சனியன்தான் என்று அவருக்குத் தெரியும்; தெரிந்துகொண்டே இவள் ஆட்டுக்கல் பக்கத்தில் முழங்கால் போட்டதைப் பார்த்தார். தடுக்கவில்லை. மலைமேல் போனவனுக்குத் தந்த ஒரு சத்தத்தை இவளுக்குத் தரவில்லை. மீன்செதில் ஒட்டின கையோடு ஒருத்தி தன் புருஷனைத் தூக்கிக் கொடுக்கிறாளே, இல்லம்மா, இது நான் கேட்டதில்லை, வைத்துக்கொள் என்று சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லவில்லை? அவளுக்குக் கோபம் வந்தது. கர்த்தர்மேல் கோபம். அப்படி ஒன்று தன்னிடம் இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது. அடுப்பங்கரையில் பாம்பைப் பார்த்தவள்போல அதைப் பார்த்தாள். மன்னியும், மன்னியும் என்று உதடு தானாகப் போனது. பாதியில் நிறுத்தினாள். எதற்கு மன்னிப்பு? கொடுத்ததற்கா, கொடுத்ததைத் திரும்ப வாங்கத் தெரியாமல் உட்கார்ந்திருப்பதற்கா? இவர் விசுவாசம் இல்லாதவர் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறார். போக மாட்டேன் என்று மோட்டார் சத்தத்துக்குள் நின்று அழுதவர், அழுத இடத்தைவிட்டு நகரவில்லை. தினமும் அதே ஆளிடம்தான் போய் அழுதிருக்கிறார். இவள் ஒரு தரம் சொன்னாள், எழுந்தாள், குழம்பு வைத்தாள். அதற்குப் பிறகு கர்த்தரிடம் பேச ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. ஆமாம், அந்த நாளுக்குப் பிறகு அவள் சரியாக ஜெபிக்கவே இல்லை. ஸ்தோத்திரம் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் படுத்துவிடுவாள். சாந்தமாக இருக்கிறவளுக்குக் கேட்க என்ன இருக்கிறது?

மூலைக்கரைப்பட்டியில் பஸ் நின்றது. “டீ குடிக்கிறவங்க குடிங்க, அஞ்சு நிமிசம்” என்றார் கண்டக்டர். கோயில்பிள்ளை எழுந்து, அவள் முழங்காலைத் தாண்டி இறங்கினார். அவர் முதுகு படியில் மறைவதைப் பார்த்தாள். சட்டைக்குள் தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அவர் இருந்த இடத்தில் ரெக்சின் கொஞ்ச நேரம் குழிந்திருந்து மெல்ல மேலே எழும்பியது. அவள் கண்ணை மூடினாள். ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றால் என்ன சொல்வது, நான் கொடுத்தேன், அவர் திருப்பித் தந்தார் என்று சொன்னால் எல்லாரும் அழுவார்கள், ஐயரம்மா கட்டிப்பிடிப்பாள், அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை, ஆனால் ஒரு வார்த்தையும் உண்மை இல்லை, இவர் எதிர்வரிசையில் ஆண்கள் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார், மூஞ்சியில் ஒன்றும் காட்டாமல், குழம்பு நல்லாருக்கு என்று சொன்ன அதே மூஞ்சியோடு, அந்த மூஞ்சியை எப்படிப் பார்ப்பது, அவள் இப்படிப் போய்க்கொண்டே இருந்தபோது சீட் அதிர்ந்தது. கண்ணைத் திறந்தாள். பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. பக்கத்து இடம் காலி. ஜன்னலுக்கு வெளியே டீக்கடை பின்னால் போனது, வாழைப்பழக் குலைகள் போயின, ஒரு சுவர் போனது.

என்ன நடந்தது என்று அவளுக்கே தெரியாது. எழுந்து நின்றிருந்தாள். கம்பியைக் கையால் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தாள். “நிறுத்துங்க. எங்க வீட்டுக்காரர் வரல. நிறுத்துங்க. அவர் வரல. அவர விட்டுட்டுப் போகாதிய. நான் அவர விடமாட்டேன், நிறுத்துங்க.” கோயிலில்கூடச் சத்தமாகப் பாடாதவள். அந்தக் குரல் அடிவயிற்றிலிருந்து வந்தது. மகளைப் பெற்றபோதுதான் கடைசியாக அப்படி ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்திருந்தது. கனகாம்பரம் வைத்தவள் பயந்து திரும்பினாள். டிரைவர் பிரேக்கைப் போட்டார், எல்லாரும் முன்னால் சாய்ந்தார்கள். “ஏன்மா, பஸ்ஸத் திருப்பித்தான நிறுத்துதோம், அந்தால நிழல்ல” என்றார் கண்டக்டர். அவள் அதைக் கேட்கவில்லை. படியில் இறங்கி, செருப்பை ஒரு காலில் விட்டுவிட்டு, ரோட்டில் நின்றாள். கோயில்பிள்ளை டீக்கடைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார், மூச்சு வாங்க, கையில் அவளுக்கு என்று வாங்கின ஒரு டீக் கப்போடு, சிந்திவிடாமல் பார்த்துப் பார்த்து. “ஓடாதீங்க” என்று கத்தினாள். அவர் ஓடவே இல்லை.

“என்னட்டி ஆச்சு? ஊரே பாக்குது” என்றார் கிட்டே வந்து.

அவளுக்குப் பற்கள் அடித்துக்கொண்டன. அந்த வெயிலில் குளிர்ந்தது. மூன்று வாரமாக எங்கேயோ போயிருந்த பயம் மொத்தமும் ஒரே நேரத்தில் வந்து அவள் காலில் நின்றது. இந்த மனுஷன் இருமுவார், மாத்திரையை மறப்பார், ரோட்டைப் பார்க்காமல் கடப்பார், என்றைக்காவது ஒருநாள் நிஜமாகவே செத்துப்போவார். அவர் டீயை நீட்டினார். அவள் கப்பை வாங்கவில்லை, மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த பிடியில் டீ இருவர் கையிலும் சிந்திச் சுட்டது. விடவில்லை. உள்ளே அவள் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள், படித்த வார்த்தை ஒன்றும் இல்லாமல். இவர் எனக்கு வேணும். உம்முடையவர்தான், தெரியும், ஆனா எனக்கு வேணும். இன்னும் கொஞ்ச நாள். நிறைய நாள். நாளைக்கும் வந்து இதையேதான் கேப்பேன்.

“சுடுதுட்டி” என்றார் கோயில்பிள்ளை. “கைய விடு.”

“சுடட்டும்” என்றாள் பியூலா.